நடக்கும், ஓடாது

மாமல்லபுரம் கடற்கரையில் குதிரை வைத்துப் பிழைத்தவர்களில், ஏற வந்த ஆட்களைத் திட்டித் திருப்பி அனுப்புகிற பழக்கம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. கோயிலைப் பார்த்துவிட்டு மணலுக்கு இறங்கும் கூட்டம் குதிரையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான்: "ஓடுமா?"

"நடக்கும் சார். ஓடாது."

"குதிரைன்னா ஓடணுமேய்யா?"

"பஸ்ஸு நல்லா ஓடுது சார். அதுல போய் ஏறிக்க."

மற்ற குதிரைக்காரர்கள் அப்படியில்லை. பிள்ளையை மேலே தூக்கி வைத்து, குதிரையின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் அது மணலைக் கிளப்பிக்கொண்டு பறக்கும். பிள்ளை அலறும், அப்பா போட்டோ எடுப்பார், எல்லோருக்கும் சந்தோஷம். இவருடைய குதிரை மட்டும் கல்யாண வீட்டுப் பெரியம்மா மாதிரி மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பி வரும். இவர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடப்பார். குதிரை சற்று வேகமெடுத்தால்கூட, "தே, இன்னா அவசரம் ஒனுக்கு?" என்று அதட்டல் விழும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சதுரங்கப்பட்டினம் போகும் சாலையில் இருந்த அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்தேன். என் கணவருக்குப் பக்கத்து அணுமின் நிலைய நகரியத்தில் வேலை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு நிறையவே இருந்தது. மாடு, ஆடு, நகரியத்துப் பெண்மணிகள் ஆட்டோவில் கொண்டுவரும் பொமரேனியன் நாய்கள். இவற்றுக்கு நடுவில் ஒருநாள் குதிரை வந்து நின்றது. குதிரையை நான் கல்லூரியில் ஒரு பருவம் படித்து, பரீட்சை எழுதி, நிம்மதியாக மறந்திருந்தேன். அது படத்தில் இருந்ததைவிட ரொம்ப உயரமாக இருந்தது.

"பயப்படாதீங்க டாக்டரம்மா. எம் பொண்ணு ஒண்ணியும் பண்ணமாட்டா. பூச்சி மருந்துதான், குடுத்துட்டா போய்க்கினே இருப்போம்."

ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, கால் வளைந்த மனிதர். நான் பயப்படுகிறேன் என்று கம்பவுண்டர் முன்னால் சொல்லிவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். மருந்தைக் கொடுத்து, "நாலு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்றேன். அவரோ மாதம் தவறாமல் வந்தார்.

வந்தால் சும்மா உட்கார மாட்டார். மருந்தகத்து வேப்பமரத்தடியில் கட்டியிருக்கும் மாடுகளிடம் ஒவ்வொன்றாகப் போய்க் குனிவார். முன்னங்கால் இரண்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். முதலில் இடது, பிறகு வலது, மறுபடி இடது. எந்தக் காலில் சூடு அதிகம் என்று பார்க்கிறாராம். அவருடைய கை அதுவாகவே போகும். ஒருமுறை சினை ஊசிக்கு வந்த பசுவின் காலைத் தொட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மாட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யோவ், அதுக்கு கால்ல ஒண்ணுமில்லய்யா. அது எதுக்கு வந்துகீதோ அத்த டாக்டரம்மா பாத்துக்குவாங்க. நீ போ."

"வலது காலு சூடா கீது அண்ணாத்த. சும்மா சொன்னேன்."

நான் போய்ப் பார்த்தேன். வலது குளம்பில் முள் ஏறியிருந்தது. எடுத்துப் போட்டேன். அவரைப் பாராட்டவில்லை.

சைஸ் என்று ரேஸ் மைதானத்தில் சொல்வார்கள். குதிரையைத் தேய்த்து, கழுவி, தீனி வைத்து, அதன் பக்கத்திலேயே படுத்து எழுகிறவர். அவர் பத்து வயதிலிருந்து பட்டணத்தில் அந்த வேலைதான் பார்த்தார். இந்தக் குதிரையும் அங்கே ஓடியதுதான். காலில் அடிபட்டு, இனி ஓடாது என்றானதும் இவர் கேட்டு வாங்கி, பட்டணத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் நடத்தியே கூட்டிவந்தாராம். அதற்கு ரேஸில் நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. அவர் அதைச் சொன்னதில்லை. பொண்ணு, அவ்வளவுதான். அவருக்கு நிஜமாகவே ஒரு மகள் இருந்தாள். கடற்கரைச் சாலையில் சங்கு மாலை விற்ற கணவனோடு இருந்தாள். "எனக்குக் காய்ச்சல்னா தைலம் தேச்சி உடுவாரு, அதுக்குன்னா மட்டும் டாக்டரு" என்று என்னிடம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு கண்ணில் இல்லை.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் நடந்த கதை அந்த வட்டாரத்தில் ரொம்ப நாள் பேசப்பட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு இவரையும் குதிரையையும் பேசி அழைத்துப் போயிருந்தார்கள். தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கும் மாப்பிள்ளை, தலைப்பாகை, செண்டு, பேண்டு வாத்தியம் என்று ஊர்வலம் அமர்க்களமாகப் போயிருக்கிறது. மண்டபம் நெருங்கும்போது மாமன்காரர் ஒருவருக்கு ஆசை வந்துவிட்டது. மாப்பிள்ளை ராஜா மாதிரி குதிரையில் பாய்ந்து வந்து வாசலில் இறங்கவேண்டும். இவர், "நடக்கும், ஓடாது" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். மாமன்காரர் கேட்கவில்லை. குதிரைக்குப் பின்னால் சரவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டார்.

பொண்ணு மிரண்டு இரண்டு அடி பாய்ந்தது. இவர் கயிற்றில் தொங்கியே அதை நிறுத்திவிட்டார். நிறுத்தியவர் மாப்பிள்ளையின் இடுப்பைப் பிடித்து அப்படியே கீழே இறக்கி, ஒரு டீக்கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்துவிட்டார். அடிக்க ஓடிவந்தவர்களிடம், "அடி நைனா, என்னிய அடி. அத்த தொட்டீன்னா உடுவேன்னு நெனச்சுக்காத" என்றாராம். இரண்டு நாள் நடந்து வந்து சேர்ந்தவர், வீட்டுக்குப் போகாமல் நேராக என் மருந்தகத்துக்குத்தான் வந்தார். உதடு கிழிந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "காலைப் பாருங்க டாக்டரம்மா" என்றார். குதிரையின் காலை.

அப்போதெல்லாம் அவரை நான் குதிரைப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் சொல்லிச் சிரிக்கவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஒரு சித்திரை மாதம் பொண்ணுக்கு இடது முன்னங்காலில் பழைய இடத்தில் வீக்கம் கண்டது. பெரிதாக ஒன்றுமில்லை. மாத்திரை எழுதிவிட்டு, "மீன் வண்டில ஐஸ் வாங்கி, கோணில சுத்தி, காலைலயும் சாயந்திரமும் கட்டுங்க" என்றேன். அவர் தலையாட்டவில்லை. மூன்று நாள் கழித்து வந்தபோது வீக்கம் அப்படியே இருந்தது.

"ஐஸ் வெச்சீங்களா?"

"கடல் தண்ணில நிக்க வெச்சேன். பச்சில கட்டினேன்."

"ஐஸ் வைக்கச் சொன்னேனே?"

"அது மட்டும் வோணாம்."

"நான் டாக்டரா நீங்க டாக்டரா? ஒரு ஐஸ் வைக்க முடியாதா உங்களுக்கு?"

கொஞ்சம் கத்திவிட்டேன். அவர் குதிரையின் கழுத்தில் கையை வைத்தார். பிறகு, யாரோ கேட்ட முகவரிக்கு வழி சொல்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"இவளோட கூட இன்னொருத்தன் இருந்தான். எனுக்கு ரெண்டு குதிர. அவன் செவல. ரேசு அன்னிக்கு விடிகாலைல கால தொட்டேன். இடது காலு சூடா கீது. ரொம்ப இல்ல, கொஞ்சூண்டு. வேற எவன் தொட்டாலும் தெரியாது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"ரெண்டு வாட்டி சொன்னேனே. ரெண்டு வாட்டியும் ரேசுலேர்ந்து எடுத்துட்டாங்க. மூணாவது வாட்டி இந்தமாரி ஆச்சின்னா பாம்புக்கடி மருந்து செய்யற எடத்துக்கு அனுப்பிடுவேன்னு ஓனரு சொல்லிட்டாரு. அங்க போற குதிரைக்கு சாவற வரிக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுத்துகினே இருப்பாங்க. நான் எப்டி சொல்லுவேன்? ஜூஸ் கடைல ஐஸு வாங்கியாந்தேன். கோணில சுத்தி ஒரு மணி நேரம் கட்டினேன். ட்ரெயினரு வந்து தொட்டாரு. சில்லுனு கீது. கால் எப்டிடான்னாரு. ஜோரா கீது சார்னேன்."

சொல்லாமல் இருந்துவிட்டால் குதிரையைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரே ஒரு ரேஸ், ஓடி முடித்துவிட்டால் பிறகு ஓய்வு, அதற்குள் கால் ஆறிவிடும். மைதானத்தின் கடைசித் திருப்பத்தில் செவலையின் எலும்பு முறிந்தது. சத்தம் தனக்குக் கேட்டது என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்க முடியாது.

"மூணு கால்ல நின்னுகினு கீறான். நாலாவது காலு தோல்ல தொங்குது. அப்பவும் ஓடப் பாக்கறான் டாக்டரம்மா, மத்த குதிரைங்க போற பக்கமே. அதுக்குன்னே நாலு ஆளு கீறாங்க, பச்சத் துணிய சுத்திப் புடிப்பாங்க, ஸ்டாண்டுல கீறவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. நான் துணிக்கு உள்ள அவன் தலய புடிச்சிகினு இருந்தேன். துப்பாக்கி வெச்சாங்க. வெளியே மைக்குல அடுத்த ரேசு சொல்லிகினு இருக்கான்."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பதற்றத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை அப்படியே அவர் மேல் போட்டேன்.

"அப்ப நீங்கதான் கொன்னிருக்கீங்க."

"ஆமா" என்றார். "வேற யாரு?"

பிறகு மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதில் தவறு என்ன, உண்மைதானே என்று அன்று முழுக்க எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடற்கரைச் சாலையும் பழைய சாலையும் வேகமாக மாறின. திருப்போரூரைச் சுற்றி வயலெல்லாம் கல் நட்டு மனை ஆயிற்று. மனை விற்கும் ஆட்களில் ஒருவர் கேபிள் டிவிக்கு விளம்பரப் படம் எடுக்க வந்தார். கோட்டு போட்ட ஒருவன் அலையோரமாகக் குதிரையில் பாய்ந்து வந்து, கையை நீட்டி மனைகளைக் காட்டவேண்டும். அந்தச் சமயத்தில் குதிரைக்காரர் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார். குதிரை மருமகன் பொறுப்பில் இருந்தது. மற்ற குதிரைகள் மட்டக் குதிரைகள். ரேஸ் குதிரையின் உயரமும் பளபளப்பும் பொண்ணுக்குத்தான் இருந்தது. அவர்களுக்கு அதுதான் வேண்டுமாம். மிருகங்களை வைத்துப் படமெடுக்கக் கால்நடை டாக்டரின் சான்று கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க, மருமகன் குதிரையோடு என்னிடம் வந்தான்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சொல்லிக்கலாம் மேடம். சும்மா நாலு ரவுண்டுதான். நடக்க வெச்சி எடுத்துட்டு வேகமா காட்டுவாங்களாம்."

அது பொய் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நல்ல மத்தியான வெயில். அன்று கோமாரி தடுப்பூசி முகாம் வேறு. வாசலில் முப்பது மாடு நிற்கிறது. நான் குனிந்து குதிரையின் முன்னங்கால் இரண்டையும் தொட்டேன். புறங்கையால்தான் தொட்டேன், எப்படியோ எனக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது. இடது கால் வலதைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தது. ரொம்ப இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். குதிரை இடது பக்கம் வெயில் படும்படி நின்றிருந்தது. வெயில் சூடுதான் என்று முடிவு செய்தேன். குதிரையை நிழலுக்கு இழுத்துப் போய், பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை தொட்டிருந்தால் போதும். பத்து நிமிஷம். மேசைக்குத் திரும்பி, நல்ல உடல்நிலையில் உள்ளது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு என்னை ஜீப்பில் வந்து அழைத்துப் போனார்கள். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, கூட்டமில்லாத பகுதி. பொண்ணு ஈர மணலில் கிடந்தது. இடது முன்னங்கால் முட்டிக்குக் கீழே மடியக்கூடாத இடத்தில் மடிந்திருந்தது. அது எழுந்திருக்கப் பார்த்தது. பாதி எழுந்து, அந்தக் காலை ஊன்றி, விழுந்து, மறுபடியும் எழப் பார்த்தது. அது கத்தவில்லை. குதிரைகள் அந்த நேரத்தில் கத்துவதில்லை என்று எனக்குத் தெரியாது. கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடவே, படமெடுப்பவர்கள் வெளிச்சத்தைக் குறைக்க வைத்திருந்த பெரிய வெள்ளைத் துணியை நாலு பேர் பிடித்து மறைத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களாகவே செய்தார்கள். நான் உள்ளே முட்டி போட்டு உட்கார்ந்தேன். என் பெட்டியில் இருந்த மருந்து மாடுகளுக்கானது. முதல் ஊசி போதவில்லை. நரம்பு தவறியிருந்தது. இரண்டாவது ஊசி போட்டும், அது கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. மருமகன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதான்.

துணிக்கு வெளியே இருந்து ஒருவர், "மேடம், கொஞ்சம் சீக்கிரம். வெளிச்சம் போயிடும், க்ளோசப் பாக்கி இருக்கு" என்றார். அந்த ஆளை அப்போதே அறைந்திருக்கவேண்டும். சரி சார் என்றேன்.

அடுத்த நாள் காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குதிரை செத்ததை மகள் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மகள் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போனாள். அவர் எப்போதும் போல, "வாங்க டாக்டரம்மா" என்றார். ஸ்டூலைக் காட்டினார். என்னால் உட்கார முடியவில்லை.

"கால தொட்டுப் பாத்தீங்களா?"

பஸ்ஸில் வரும்போதே பதிலைத் தயார் செய்திருந்தேன். தொட்டேன், ஒன்றும் இல்லை, மணலில் குழி இருந்திருக்கும். அந்தப் பதிலை நம்ப எல்லோரும் தயாராக இருந்தார்கள், என் கணவர் உட்பட. அவர் முகத்தைப் பார்த்ததும் அது வாயிலிருந்து வரவில்லை.

"தொட்டேன். இடது காலு கொஞ்சம் சூடா இருந்துச்சு. அந்தப் பக்கம் வெயில் அடிச்சுது. வெயில்னு நினைச்சுட்டேன்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். இரண்டு மூன்று முறை ஆட்டினார்.

"நான் ஐஸு வெச்சி மறைச்சேன். நீங்க வெயில வெச்சி."

நான் அவருக்கு அன்று மருந்தகத்தில் சொன்ன அதே சொற்களை அவர் எனக்குத் திருப்பிச் சொல்வார் என்று காத்து நின்றேன். சொன்னால் தேவலை என்றிருந்தது. அவர் சொல்லவில்லை. கூஜாவைக் காட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தரச் சொன்னார். ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

விளம்பரம் ஆடி மாதத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. சாயந்திரம் சீரியலுக்கு நடுவில் வரும். விழுவதற்கு முந்தின நான்கு நொடிகளை அவர்கள் வீணாக்கவில்லை. அலை, மணல், நடுவில் பொண்ணு. காதை முன்னால் நீட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, நான் ஒருநாளும் பார்த்திராத பொண்ணு. பிறகு கோட்டுக்காரனின் பல். அதற்குப் பிறகு தவணை விவரம். என் மகள், "அம்மா, குதிரை எவ்வளவு அழகா ஓடுது!" என்று கை தட்டினாள். நான் சேனலை மாற்றினேன். அடுத்த நாள் அந்த நேரத்துக்கு நானே போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். பல நாள் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

அவர் புரட்டாசியில் ஒருநாள் மருந்தகத்துக்கு வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் ஒல்லியாகியிருந்தார். கையில் கயிறு இல்லாமல் அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மாதிரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"டிவில வருதாமே டாக்டரம்மா. எங்க வூட்டுல வந்தா ஆஃப் பண்ணிடறாங்க. நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்டி ஓடுது?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எந்தப் பொய் அவருக்கு நல்லது என்று தெரியவில்லை.

"நல்லா ஓடினா. ரொம்ப நல்லா ஓடினா."

"கால இழுத்துச்சா?"

"இல்லை. கொஞ்சம்கூட இல்லை."

கம்பவுண்டர் ஏதோ கேட்க வந்தவன் அப்படியே திரும்பிப் போனான்.

"ஏழு ரேசு ஓடினா டாக்டரம்மா. எல்லாத்துலயும் கடைசிதான், இல்லன்னா கடைசிக்கு முன்ன. அந்த டிவில கூட வேற குதிர எதுனா ஓடுதா?"

"இல்லை. அவ மட்டும்தான்."

"அப்ப ஜெயிச்சிட்டா" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. மேசையை விட்டுக் கையை எடுத்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வாசல் வழியாக வெயிலில் இறங்கிப் போனார். நான் நாற்காலியிலேயே இருந்தேன். அந்த மனிதர் போகும்போது எழுந்து நிற்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.